நோன்பு என்னும் சொல்



தைப்பூசம் என்றதும் பத்துமலையின் 272 படிகளும் காவடிகளும் கண்முன் நிற்கின்றன. 1892 முதல் அங்கு நடைபெற்றுவரும் விழா ஒரு நாளுக்குரியது; அதற்கான ஆயத்தமோ பல நாள்களுக்குரியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்திலும் கிள்ளான் வீட்டிலும் புலால் நீக்கி, தரையில் பாய் விரித்து உறங்கி, விடியலில் நீராடி விளக்கேற்றும் அந்நாள்களின் பெயர் நோன்பு. அயர்லாந்து மக்களும் பிப்ரவரி 1 பிரிஜித் திருநாளுக்கு முந்திய இரவில் துணியொன்றை வெளியே வைத்து அருள் வேண்டுவர். விழாவுக்கு முன்னரே வழிபாடு வீட்டில் தொடங்கிவிடுகிறது.

'நோல்' என்னும் வினைக்குப் பொறுத்தல் என்பது பொருள். தவத்திற்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், தன் துன்பம் பொறுத்தலோடு பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் இணைத்தார். ஆதலின் உணவைக் குறைத்தல் நோன்பின் ஒரு பாதி. சினம் அடக்கல் மறுபாதி. 'நேர்த்திக்கடன்' என்பதில் உள்ள நேர்தல், உடன்படுதலைக் குறிக்கும். தானே உடன்பட்ட கடனைப் பிறர் அளக்கலாகாது. அலகு குத்தியவரினும் பால்குடம் ஏந்திய மூதாட்டி குறைந்தவர் அல்லர்.

இன்று நம் இளைஞர் பலர் இந்நாள்களைச் 'சைவம்' என்ற சொல்லோடு முடித்துவிடுகின்றனர். சொல் சுருங்க, ஒழுக்கமும் உணவுத் தட்டளவில் சுருங்குகிறது. தமிழ் முசுலிம்களோ நோன்புப் பெருநாள் என்று அச்சொல்லை இன்றும் காத்துவருகின்றனர். நாமும் நம் பிள்ளைகளிடம், "சைவமா?" என்று கேட்பதை விடுத்து, "நோன்பு இருக்கிறாயா?" என்று கேட்போம். அவ்வினா உணவைக் கடந்து உள்ளத்தையும் தொடும்.