வயது வேறு, முதுமை வேறு

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நான் டாக்டர் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பட்டதாரி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் விஞ்ஞானச் செய்திகளை விடாமல் படிப்பவன். அந்த உரிமையில் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

60ல் சஷ்டியப்தபூர்த்தி, 80ல் சதாபிஷேகம் என்று நாம் வயதைப் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணக்கிடுகிறோம். ஆனால் ஒரே வருஷத்தில் பிறந்த இருவரில் ஒருவர் 75லும் தானே மார்க்கெட் போய் வருகிறார். மற்றவர் 55லேயே தளர்ந்து விடுகிறார். "எல்லாம் வம்ச வாகு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது பாதி உண்மை. மறுபாதியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972-73ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது இரத்தம், சிறுநீரகம், ஈரல், நுரையீரல் முதலியவற்றின் அளவுகளைக் கொண்டு உடம்பின் வயதைக் கணக்கிட்டார்கள். முடிவு 2015ல் வெளியாயிற்று. பஞ்சாங்கப்படி எல்லோருக்கும் 38தான். உடம்பின் வயதோ சிலருக்கு 30க்கும் கீழே, சிலருக்கு 60ஐ ஒட்டி!

ஏன் இந்த வித்தியாசம்? 2017ல் அதே குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி நெடுநாள் வாழ்ந்த குடும்பத்துப் பேரன் பேத்திகளின் உடம்பு மெதுவாகத் தேய்ந்தது. ஆகவே வம்சம் பொய்யல்ல. ஆனால் பெற்றோர் பார்த்த வேலையின் தரம், சிறு வயதில் பட்ட கஷ்டங்கள் ஆகியவையும் கணக்கில் வந்தன. எளிய வீட்டில் வளர்ந்தவர்களின் உடம்பு வேகமாக முதுமை அடைந்தது.

"பின்னால் படித்துச் சம்பாதித்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்பீர்கள். இதே டனீடின் ஆய்வு 2002ல் அதற்குப் பதில் சொன்னது. இவர்களை 26 வயதில் பரிசோதித்தபோது, நல்ல நிலைக்கு உயர்ந்தவர்களிடமும் பல் ஈறுகளிலும் இருதயத் திறனிலும் பழைய வறுமையின் சுவடு இருந்தது.

உள்ளே நடப்பது என்ன? நம் குரோமோசோம்களின் நுனியில், ஷூ கயிற்றின் நுனி உறை போல, டெலோமியர் என்று ஒன்று உண்டு. செல் பிரியப் பிரிய அது குறுகும். இத்துறையில் 2009ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான எலிசபெத் பிளாக்பர்னும் சகாக்களும், தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் தாய்மார்களை ஆராய்ந்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். பராமரித்த வருஷங்கள் கூடக் கூட டெலோமியர் குறுகியிருந்தது. மனக்கவலையும் செல்லில் பதிகிறது.

நம் தேசத்திலேயே சான்று உண்டு. புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் யாஜ்னிக் 1993ல் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. தசை குறைவு, கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. பிற்காலச் சர்க்கரை வியாதிக்கு இது வித்து என்கிறார். பால், கீரை, பழம் கூடுதலாகச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் சற்றுப் பெரியவையாகப் பிறந்தன. மருந்து எவ்வளவு எளியது பாருங்கள்!

இவை சராசரிக் கணக்குகள். யாருடைய தலையெழுத்தும் அல்ல. ஏழ்மையில் வளர்ந்து 90 கண்டவர்கள் நம்மிடையே உண்டு. எந்த வயதிலும் நடைப்பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு பலன் தரும்.

நமது சங்கம் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம். ஆனால் 18 வயதில் நாம் கை கொடுக்கும்போது, உடம்பின் அஸ்திவாரம் போட்டு முடிந்துவிட்டது. கிராமத்து அர்ச்சகர், சமையல் வேலைக்குப் போகிறவர் போன்ற வருமானம் நிச்சயமில்லாத குடும்பங்களில் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பால், பருப்பு, பழம், டாக்டர் செலவு என்று நிதியில் ஒரு பங்கை ஒதுக்கலாமே.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் 45 வயதில் பாட்டியாகத் தெரிகிறார் என்றால் அது அவர் வம்ச வாகு அல்ல. அவர் மகள் கர்ப்பமாக இருந்தால் தினம் ஒரு டம்ளர் பால் கொடுங்கள். அதற்குச் சங்கத் தீர்மானம் தேவையில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள்.