வைப்புமுறையைப் படித்தல்

நூல்களின் அமைப்பைப் பகுத்துப் பார்க்கவும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பது இக்கருத்தரங்கின் பொருள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நூலை மட்டும் கையில் கொடுத்து அதன் அமைப்பை விளக்கச் சொன்னால், மாணவர் கண்ணுக்கு அமைப்பு தெரியாது, உள்ளடக்கம்தான் தெரியும். ஒரே பொருள் இரண்டு விதமாக அடுக்கப்பட்டிருப்பதை அருகருகே வைத்தால்தான், வரிசை தானாக அமைந்ததன்று, யாரோ ஒருவர் எண்ணி வைத்தது என்பது புலப்படும். நம் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது முன்னதுதான். பொருள்கோள் 8, உத்தி 32, நூலின் அழகு 10, குற்றம் 10 என்று நன்னூலின் எண்ணிக்கைகளைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், கையிலுள்ள பாடத்தின் இரண்டாம் பத்தி ஏன் முதலில் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். பிழை அவருடையதன்று, அப்படியொரு கேள்வி இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

எல்லாரிடமும் உள்ள நூலையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள். பரிமேலழகர் அவற்றை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என மூன்றாகப் பகுத்தார். இன்று பரவலாகக் கிடைக்கும் பதிப்புகள் பலவற்றில் அதே 70 அதிகாரங்கள் ஏழு இயல்களாக நிற்கின்றன: அரசியல் 25, அமைச்சியல் 10, அரணியல் 2, கூழியல் 1, படையியல் 2, நட்பியல் 17, குடியியல் 13. நடுவிலுள்ள ஐந்தையும் கூட்டினால் பரிமேலழகரின் அங்கவியல் வந்துவிடும். அதிகார வரிசை மாறவில்லை, ஒரு குறளும் மாறவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அங்கவியல் என்ற ஒரே தலைப்பின்கீழ் அமைச்சும் படையும் நட்பும் அரசனின் உறுப்புகள். அவனை விட்டால் அவற்றுக்குத் தனி இருப்பு இல்லை. ஏழாகப் பிரித்ததில் நட்பு அரசியலுக்கு ஈடாகத் தலைநிமிர்கிறது. இறுதியில் உள்ள மானம், சான்றாண்மை, உழவு, நல்குரவு முதலான 13 அதிகாரங்களும் ஒரு பகுப்பில் எஞ்சியவற்றின் தொகுதி. இன்னொன்றில் குடிமக்கள் வாழ்வைப் பற்றிய தனி இயல். உழவு கடைசியில் சேர்த்த மிச்சமா, அல்லது நூல் வந்து சேர வேண்டிய இடமா? பத்தாம் வகுப்பு மாணவர் இதற்கு விடை தேட வேறெந்த நூலும் வேண்டா. இரண்டு பொருளடக்கப் பக்கங்கள் போதும். நட்பியலின் 17ஆம் அதிகாரம் மருந்து என்பதைக் கண்டு ஒருவர் சிரித்தால், அந்தச் சிரிப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இன்னும் நெருங்கிப் பார்க்கவும் இடமுண்டு. இறைமாட்சியின் முதற்குறள் அரசனுக்குரிய ஆறு உறுப்புகளைப் படையை முதலில் வைத்து அடுக்குகிறது. அதிகாரங்களோ அமைச்சில் தொடங்கி நாடு, அரண், பொருள், படை, நட்பு என்று செல்கின்றன. உரையாசிரியர் இதைக் கவனிக்கத் தவறவில்லை: அதிகார வரிசையே முறை, குறளில் செய்யுள் நோக்கி அது பிறழ்ந்து நிற்கிறது என்பது பரிமேலழகர் தீர்ப்பு. மாணவர் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெண்பா இலக்கணம் தெரிந்த வகுப்பு என்றால், அமைச்சை முன்னே கொண்டுவந்து தளை தட்டாமல் எழுத முடிகிறதா என்று சோதிக்கட்டும். முடிந்துவிட்டால் பரிமேலழகருக்கு அவர்களிடம் ஒரு மறுப்பு இருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். இந்தப் பகுப்புகள் வள்ளுவர் செய்தவையல்ல. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசைகூட மணக்குடவர் உரையில் ஒன்று, பரிமேலழகர் உரையில் வேறொன்று. பிறர் அடுக்கியதை நூலின் அமைப்பு என்று கற்பிப்பது தகுமா என்று கேட்பார்கள். அடுக்கியவர் நூலாசிரியர் என்று சொன்னால்தான் தவறு. அடுக்கியவரும் ஒரு வாசகர். அவர் வாசிப்பின் தடம் வரிசையில் இருக்கிறது. தொகைநூல்களில் இது இன்னும் தெளிவு. உருத்திரசன்மன் தொகுத்த அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். கூடலூர் கிழார் தொகுத்த ஐங்குறுநூற்றிலோ திணைக்கு ஒரு நூறு, நூற்றுக்கு ஒரு புலவர். அதுவும் பத்துப் பத்தாகத் தலைப்பிட்டு. இரண்டுக்கும் பொருள் ஐந்திணைதான். ஐங்குறுநூற்றைப் படிப்பவர் அம்மூவனாரின் நெய்தல் கரையில் நூறு பாட்டு நேரம் தங்குகிறார். ஒரே நிலம், ஒரே குரல், சின்னச் சின்ன மாற்றங்கள். அகநானூற்றைப் படிப்பவர் எந்தத் திணைக்குப் போனாலும் அடுத்த பாட்டில் மீண்டும் சுரத்துக்கு வந்தாக வேண்டும். கூடலும் ஊடலும் காத்திருப்பும் பிரிவுகளுக்கு இடைப்பட்டவையாகவே அவருக்குக் கிடைக்கின்றன. உருத்திரசன்மன் இதை எண்ணித்தான் செய்தாரா, 200 பாலைப் பாடல்கள் கைவசம் இருந்ததால் எண் கணக்கில் எளிதாக முடித்தாரா என்பதை வாதிக்கலாம். வாதிக்க இடம் கொடுப்பதே இப்பாடத்தின் பயன்.

இன்னொரு தடை கடினமானது. அமைப்பைப் பிரித்துப் பெயர் சூட்டுவது இயந்திரத்தனம், சுவையைக் கெடுக்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பானி மேயரும் உடன் ஆய்ந்தோரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்பதாம் வகுப்பு மாணவரில் ஆசிரியர் பின்பற்றிய மேல்நிலை அமைப்பைத் தாமும் பின்பற்றி நினைவுகூர்ந்தோர் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர் என்று காட்டியது. 2010இல் அங்கே வந்த பொதுப் பாடத்தரங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டு பனுவல்களின் அமைப்பை ஒப்பிடச் சொல்கின்றன. ஆனால் கால வரிசை, ஒப்பீடு, காரண காரியம், சிக்கலும் தீர்வும் என்ற நான்கைந்து முத்திரைகளோடு வகுப்பு நின்றுவிட்டால், நம் உத்தி முப்பத்திரண்டுக்கு நேர்ந்த கதிதான் அவற்றுக்கும். பெயர் வேண்டும், கடைசியில் வேண்டும். முன்னும் பின்னும் நோக்கி நிற்கும் ஒரு பத்தியை மாணவர் தாமே கண்டுபிடித்த பிறகு, இதற்கு அரிமா நோக்கம் என்று நன்னூலார் பெயர் வைத்திருக்கிறார் என்றால் அந்தப் பெயர் அவர்க்குக் கருவியாகும். முன்பே சொன்னால் இரண்டு மதிப்பெண் விடையாகும்.

பழைய நூல்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்போர்க்கு ஒரு சாலை விபத்து போதும். நாளிதழ்ச் செய்தி, இறந்தவர் எத்தனை பேர், எந்த ஊர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடும். இடம் போதாவிட்டால் வெட்டத் தக்கவை கடைசிப் பத்தியில் கிடக்கும். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் படிவக் கட்டங்களுக்குப் பிறகு வரும் புகார், பெரும்பாலும் நடந்தவற்றை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகும். மோதல் நடுவில் எங்கோ வரும். ஒன்று அவசரத்தில் இருக்கும் வாசகருக்கு, மற்றொன்று பின்னாளில் குறுக்கு விசாரணை செய்யப்போகும் வழக்கறிஞருக்கு. இதைப் பிரித்தறியும் மாணவர், ஓட்டுநரின் பெயர் செய்தியில் எந்தப் பத்தியில் வருகிறது என்றும் பார்ப்பார்.

நேரமில்லை என்ற புகாருக்கு நான் அதிகம் மறுமொழி சொல்லப் போவதில்லை. ஒப்பிக்க வைக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டால் போதும். மதிப்பீடுதான் உண்மையான முட்டுக்கட்டை. ஒரே விடை இல்லாத வினாவுக்கு ஆயிரக்கணக்கான தாள்களை எப்படித் திருத்துவது? முடிவுக்கு மதிப்பெண் தராமல், முடிவுக்கு ஆதாரமாக மாணவர் நூலில் எந்த இடங்களைச் சுட்டினார், அவற்றின் வரிசையிலிருந்து என்ன பெற்றார் என்பவற்றுக்கு மதிப்பெண் தரலாம் என்பது என் கருத்து. இது திருத்துவோர்க்குப் பயிற்சியும் கூடுதல் நேரமும் கேட்கும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருப்போர் ஒவ்வொருவரும் தம் பொருளிலிருந்து ஒரு வினாவையும் அதற்கான மதிப்பீட்டுக் குறிப்பையும் எழுதி அமர்வில் முன்வைக்குமாறு கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.