குழந்தையின் பாலுக்கு யார் காவல்?

(கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பாலிலே கலப்படம் செய்பவனைப் பழிப்பது எளிது. அவனைத் தடுக்க வேண்டிய அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நேரும்? 2008ஆம் ஆண்டிலே சீன நாட்டில் நேர்ந்ததை எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அந்நாட்டில் பாலின் தரம் அதிலுள்ள புரதத்தைக் கொண்டு மதிக்கப்பட்டது. ஆனால், வழக்கிலிருந்த பரிசோதனை அளந்ததோ நைதரசனை மாத்திரமே. இந்த ஓட்டையை வஞ்சகர் கண்டுகொண்டனர். நீர் கலந்த பாலிலே மெலமைன் என்னும் இரசாயனத் தூளையும் கலந்தனர். கோப்பையும் தட்டும் வார்ப்பதற்குப் பயன்படும் அப்பொருளின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். பரிசோதனையில் பால் தேறிவிட்டது. பச்சிளங் குழந்தைகளின் சிறுநீரகங்களிலோ கல் விளைந்தது. ஏறக்குறைய 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் மாண்டனர்.

சட்டம் இல்லாமையாலா இக்கொடுமை நிகழ்ந்தது? இல்லை. 1995ஆம் ஆண்டிலேயே உணவுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆயின், சான்லு என்னும் பெருங் கம்பனிக்கு அரசாங்கப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது! பேர்பெற்ற கம்பனி தவறு செய்யாது என்று எண்ணினர் போலும்.

2007 திசெம்பர் முதலே அக்கம்பனிக்கு முறைப்பாடுகள் வந்தன. 2008 ஓகத்து 2ஆம் நாள் நகர அதிகாரிகளுக்கும் செய்தி எட்டியது. அது ஒலிம்பிக் விழா தொடங்கவிருந்த வேளை. அதிகாரிகள் வாய் திறந்தாரல்லர். கம்பனியிற் பங்குதாரராயிருந்த நிறுவனத்தின் நாடாகிய நியூசிலாந்தின் அரசாங்கம் நேரே பெய்ஜிங்குக்கு அறிவித்தது. அதன் பின்னர், செப்டெம்பர் 11ஆம் நாளே உண்மை ஊரறிய வெளிவந்தது. அந்த 40 நாள்களும் தாய்மார் நம்பிக்கையோடு நஞ்சைக் கரைத்து ஊட்டினர். பின்னர் ஆராய்ந்தபோது 22 கம்பனிகளின் பால்மாவிலே மெலமைன் காணப்பட்டது.

அதன்பின் சட்டம் விழித்தது. 2009இல் இருவர் தூக்கிலேயன்றி வேறு வகையில் உயிரிழக்கத் தண்டிக்கப்பட்டனர் என்பதன்று முக்கியம். இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கம்பனித் தலைவிக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. பரிசோதனை விலக்கு ஒழிக்கப்பட்டு, புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு யூன் முதலாம் நாள் அமுலுக்கு வந்தது. ஆனால், பாதிக்கப்பட்ட பெற்றோரை ஒன்றுதிரட்டி நீதி கேட்ட சாவோ லியன்ஹாய் என்னும் தந்தைக்கு 2010இல் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதுவா நீதி?

தோழர்களே! இறக்குமதிப் பால்மாவைப் பெரிதும் நம்பியிருக்கும் இலங்கையிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. ஏட்டிலுள்ள சட்டம் எந்தக் குழந்தையையும் காவாது. கம்பனியின் பேரைப் பாராது மாதிரி எடுத்துச் சோதித்தல் வேண்டும். கண்டதை அன்றே மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். முறையிடுபவனைக் காத்தல் வேண்டும். குழந்தை மாண்டபின் குற்றவாளியைத் தண்டிப்பது எளிது; மாளாமற் காப்பதே அரசாங்கத்தின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நமது கடமை.