அலை காட்டும் குறை

1938ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் தொடங்கிய பஸ்கள் டீசலால் ஓடியவை. டீசல் என்ஜினுக்கு மின்பொறி வேண்டுவதில்லை. விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே!

இன்று அதனைத் தருவது ஆல்டர்னேட்டர். பொதுவாக அதனுள் அமைந்த ஆறு டையோடுகளுள் ஒன்று பழுதுற்றால், வோல்ட் மீட்டர் பெரும்பாலும் காட்டிக்கொடாது. அது அறிவது சராசரியை மட்டுமே. பாட்டரி நாளடைவில் நலியும். மெக்கானிக் புதியதொன்றை மாட்டுவார், அதுவும் நலியும். பணம் யாருடையது?

என்ஜினை ஓடவிட்டு, விளக்குகளை எரியவிட்டு, பாட்டரி முனைகளில் ஆஸிலோஸ்கோப்பை இணைத்துப் பாருங்கள். திரையில் சிற்றலைகள் ஒரே சீராக வரின் நலம். இடையிடையே ஆழ்ந்த பள்ளம் விழுமாயின், முதலில் ஐயுற வேண்டியது டையோடையே. இரவு மழையில் நாகர்கோவிலுக்குப் புறப்படும் வண்டியாயின், இதனைப் பணிமனையிலேயே பார்த்துவிடுதல் வேண்டும். களியக்காவிளையில் விளக்கு மங்கிய பின் அன்று.