நாய்க்கு எதை மெல்லக் கொடுப்பது?



தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் நாய் வளர்ப்போர் பலர். ஊரில் நாய் திண்ணையிலும் கொல்லையிலும் திரிந்தது. தென்னை மட்டையைக் கிழித்தது, விறகுச் சுள்ளியைக் கடித்தது. எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அவற்றால் தீங்கு நேராதது அந்நாயின் நல்லூழ் என்றே கொள்ளவேண்டும். தில்லியிலோ மும்பையிலோ மூன்றாம் மாடிக் குடியிருப்பில், வீட்டார் அனைவரும் அலுவலுக்குச் சென்றபின் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு மட்டை ஏது, சுள்ளி ஏது? அது நாற்காலிக் காலைக் கடிக்கிறது, செருப்பைக் குதறுகிறது. இதைக் குறும்பு என்று அடிப்பது தகாது. நாய்க்குட்டியின் 28 பாற்பற்களும் விழுந்து, ஆறு ஏழு மாதங்களுக்குள் 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு தினவெடுக்கும் அப்பருவத்தில் கடிக்காமல் அதனால் இருக்க இயலாது. வளர்ந்த நாய்க்கும் மெல்லுவது தனிமையைப் போக்கும் தொழிலாகும். ஆகவே, ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில் இதற்கென்றே பண்டங்கள் குவிந்து கிடக்கின்றன. கடைக்காரர் அவற்றைச் 'சூ' என்கிறார். தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லையாதலின், மெல்லும் பண்டம் என்றே நாம் கூறுவோம். பெரும்பாலான உறைகளின் மீது 'நேச்சுரல்' என்ற சொல் பெரிய எழுத்தில் காணப்படுகிறது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லோடு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்தியில் 'பிராகிருதிக்' என்றும் தமிழில் 'இயற்கை' என்றும் பெயர்க்கும்போதே அதில் ஒரு புகழ்ச்சி ஏறிவிடுகிறது. தூய்மை, நன்மை, தீங்கின்மை எல்லாம் அதனுள் அடங்கியனபோல் தோன்றுகிறது. உண்மையில் அச்சொல் பொருளின் பிறப்பைக் கூறுமேயன்றி அதன் குணத்தைக் கூறாது. அரளி விதையும் இயற்கைதான், எருக்கம்பாலும் இயற்கைதான். பண்டம் எங்கிருந்து வந்தது என்பதோடு, அதன் கடினம் எவ்வளவு, விழுங்கினால் செரிக்குமா என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

கடினத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நாயின் பல் இரும்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நாய்ப் பல்லின் மேற்பூச்சு மனிதப் பல்லின் பூச்சைவிட மெல்லியது. மேல்தாடையில் இருபுறமும் உள்ள பெரிய வெட்டுப்பல்லே கடினமான பொருளைக் கடிக்கும் சுமையைத் தாங்குகிறது. அளவுக்கு மீறிய கடினம் எதிர்ப்படுமாயின், அப்பல்லின் பக்கவாட்டிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழும். உள்ளேயுள்ள நரம்பும் குருதிக்குழாயும் வெளிப்படும். நாயோ வலியைக் காட்டாத பிராணி. ஒரு பக்கமாக மெல்லுவது, உமிழ்நீர் வடிப்பது, உணவருகே வந்து திரும்பிப்போவது, கண்ணுக்குக் கீழே வீங்குவது ஆகிய குறிகளைக் கண்டபின்னரே நாம் விழித்துக்கொள்கிறோம். இதற்குக் கால்நடை மருத்துவர்கள் கூறும் சோதனை மிக எளியது. பண்டத்தின் மீது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், சிறிதேனும் பதியவேண்டும். நகம் பதியாத பொருள் பல்லுக்கு ஆகாது.

இந்தச் சோதனையில் மாட்டுக் குளம்பு தோற்கும், மான்கொம்பும் தோற்கும். மான்கொம்பைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. 'தானாக உதிர்ந்த கொம்பு, எவ்வுயிருக்கும் தீங்கில்லை' என்று விற்பனையாளர் கூறக்கூடும். புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பு உதிர்ப்பது மெய்தான். ஆயினும், நம் காட்டு மான்களின் கொம்பை, உதிர்ந்ததாயினும், வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானவை.

கடைகளில் எங்கும் தொங்குவது வெண்ணிற முடிச்செலும்பு. அது எலும்பே அன்று, பதனிடாத மாட்டுத்தோல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து நேயர்களுக்குத் தோல் தொழில் அறிமுகமானதே. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை இரண்டாகப் பிளந்து, மேற்பகுதியைக் காலணிக்கும் பைக்கும் அனுப்புவர். எஞ்சிய உட்பகுதியை வெளுத்து, சுருட்டி, முடிச்சிட்டு உலர்த்தினால் நாயின் 'எலும்பு' ஆகிறது. இதுவும் 'இயற்கை' என்ற பெயரோடு வருவதுண்டு. நாய் சிறிது சிறிதாகக் கரைத்துத் தின்றால் பெரிய தொல்லையில்லை. முனையிலுள்ள முடிச்சை நனைத்து இளக்கி அப்படியே விழுங்கும்போதுதான் அபாயம். அத்தோல் தொண்டையில் அடைக்கலாம். வயிற்றில் ஊதிப் பெருத்து, எளிதில் செரியாமல் குடலை மறிக்கலாம். அவசர அவசரமாக விழுங்கும் சுபாவமுள்ள நாய்க்கு இதை வாங்காதிருத்தலே நலம்.

உண்மை எலும்போ எனில், சமைத்தது எதுவும் கூடாது. வெந்த எலும்பு ஈரம் இழந்து ஊசிபோல் சிம்பாகப் பிளக்கும். கோழி எலும்பு மட்டுமன்று, பிரியாணியில் வந்த ஆட்டெலும்பும் அப்படியே. பொட்டலத்தில் அடைத்துக் கடையில் விற்கும் பக்குவப்படுத்திய எலும்புகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை விடுத்தது. பச்சை எலும்பைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளும் முதியோரும் உள்ள சிறு குடியிருப்பில், தரையெங்கும் இழுபடும் பச்சை இறைச்சியால் நோய்க்கிருமி பரவும் என்பதால் நாம் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை.

சைவ உணவுக் குடும்பத்தார் இங்கே ஒன்றை அறிந்துகொள்ளுதல் நன்று. 'புல்லி ஸ்டிக்' என்ற பெயரில் விற்கும் பழுப்புக் குச்சி காளையின் அல்லது எருமைக்கடாவின் ஆண்குறியை உலர்த்திச் செய்தது. உறையில் அது வெளிப்படையாக எழுதப்படுவது அரிது. செரிமானத்திற்கு அது கேடில்லை. ஆயினும் வாங்குவோர் இன்னதென்று தெரிந்து வாங்கட்டும்.

இத்தகைய குடும்பங்களில் பலர் மனநிறைவோடு வாங்குவது சுர்பி. டார்ஜிலிங், காலிம்போங், காங்டாக் கடைத்தெருக்களில் கயிற்றில் கோத்துத் தொங்கும் கட்டிகளை அப்பக்கத்து நேயர்கள் கண்டிருப்பர். வெண்ணெய் எடுத்த பாலைத் திரித்து, துணியில் கட்டிக் கல்லடியில் வைத்து நீரை வடித்து, துண்டுகளாக்கி, அடுப்புப் புகைக்கு மேலே வாரக்கணக்கில் உலர்த்துவர். மலையில் மந்தை மேய்ப்போர் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் சுவைப்பர். மனிதர் உண்ட இப்பண்டம் நேபாளத்திலிருந்து அயல்நாட்டு நாய்களுக்குச் சென்று, பிறகு நம் நகரக் கடைகளுக்கும் அதே உருவில் வந்து சேர்ந்தது. உறையில் யாக் எருதின் படம் இருக்கும். வள்ளுவர் கூறிய கவரிமா இதுவே என்று கொள்வோரும் உண்டு. எனினும் உள்ளேயிருப்பது பசுவின் பாலாகவோ, யாக்கும் பசுவும் கலந்த இனத்தின் பாலாகவோ இருத்தல் கூடும். அதனால் குறைவொன்றுமில்லை. புரதம் மிக்கது, கொழுப்புக் குறைந்தது, செரிக்கக்கூடியது.

குறை கடினத்தில் இருக்கிறது. நன்றாக உலர்ந்த சுர்பியில் உங்கள் நகம் பதியாது. பாலினால் ஆனதாயிற்றே என்ற நம்பிக்கை பல்லைக் காக்காது. நக்கியும் சுரண்டியும் மெல்லும் அமைதியான நாய்க்கு, நாம் அருகிலிருக்க, சிறிது நேரம் கொடுக்கலாம். முழு வலிமையோடு கடிக்கும் நாய்க்கும், பாற்பல் மாறாத குட்டிக்கும், முதிய நாய்க்கும் அப்படியே கொடுத்தல் கூடாது. இதற்கு ஒரு வழி உண்டு. சிறு துண்டுகளைச் சில நிமிடம் நீரில் ஊறவைத்து, மைக்ரோவேவ் அடுப்பில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சூடேற்றினால் அப்பளம்போல் பொரிந்து மொறுமொறுப்பாகிவிடும். உட்புறமும் நன்கு ஆறியபின் கொடுக்கவேண்டும். நாய் மென்றது போக எஞ்சும் கடைசிக் கட்டி தொண்டையில் சிக்கும் அளவினது. அதையும் இவ்வாறே பொரித்துவிடலாம்.

வீட்டிலுள்ளவற்றை நாடுவோர்க்கு வழி இன்னும் எளிது. வடநாட்டில் குளிர்காலத்தில் வரும் நீண்ட செந்நிறக் கேரட்டைக் கழுவிக் கொடுக்கலாம். கடித்து மெல்லாது துண்டாக விழுங்கும் நாய்க்கு முழுதாகக் கையில் பிடித்துக் கொடுங்கள். தெருவில் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசாலாவோடு நாய்க்குத் தரலாகாது. வீட்டில் அதை நீளவாட்டில் நறுக்கி, மெல்லிய சூட்டில் தோல்போல் வளையும்வரை உலர்த்தினால் நல்ல பண்டமாகும். உப்பின் பொருட்டுக் கருவாட்டைத் தவிர்க்கவேண்டும். மாங்கொட்டையும், தின்றபின் எறிந்த மக்காச்சோளத் தண்டும் குடலை அடைப்பதில் பேர்போனவை. மழைக்காலத்தில் சோளம் சுடும் வண்டியருகே நாயை அழைத்துச் செல்வோர் கவனிக்கவேண்டும்.

அலுவலுக்குச் செல்லும்போது எதை விட்டுச் செல்வது என்று கேட்பீர்கள். நாயைத் தனியே விட்டுச் செல்லும்போது மேற்கூறிய எதையும் விட்டுச் செல்லக்கூடாது. இவையெல்லாம் நம் கண்முன் கால்மணி நேரம் மெல்லுவதற்குரியவை. வாயின் அகலத்தைவிட நீளமானதையே கொடுத்து, சிறுத்தவுடன் வாங்கிவிட வேண்டும். பிடுங்காமல் ஒரு பிஸ்கட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கினால் நாய் அடுத்த முறை விரைந்து விழுங்கக் கற்றுக்கொள்ளும். தனிமைக்கு ஏற்றது, நாயின் அளவுக்குத் தக்க, உள்ளீடற்ற உறுதியான இரப்பர்ப் பொம்மை. அதனுள் உப்பும் தாளிதமும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து, இரவு முழுவதும் குளிர்பெட்டியின் பனியறையில் வைத்துக் காலையில் கொடுத்தால், மே மாதத்து தில்லி வெயிலில் நாய் வெகுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். இவ்வகைத் தீனி யாவும் நாள் உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

பெரிய துண்டு எதையேனும் விழுங்கிவிட்டு நாய் ஓயாது வாந்தியெடுத்தாலோ, உணவை மறுத்தாலோ, மலம் கழிக்க முக்கி வருந்தினாலோ, காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்க முயல்வது புதிய அபாயத்தையே வரவழைக்கும். மருத்துவரின் மொழி வங்காளமாகவோ மராத்தியாகவோ இருக்கலாம். பதற்றத்தில் நமக்குச் சொல் எழாமலும் போகலாம். ஆதலின் பண்டத்தின் உறையையும், அதில் எஞ்சிய துண்டையும் தவறாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.