தண்ணி குடிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி

பெண்களுக்கான ஆரோக்கியத் திட்டங்கள் நிறைய வருது. அதுல நாம எங்க சறுக்குறோம்னு இன்னைக்குப் பேசலாம். முதல்ல நானே சறுக்கின கதை.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பெரிய ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற பெண்களுக்காகத் திட்டம் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். காலையில 15 நிமிஷம் யோகா, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், மாசம் ஒரு டயட் வகுப்பு. நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

முதல் வகுப்புல, "நல்லா தண்ணி குடிங்க"ன்னு சொன்னேன். பின்வரிசையில சிரிப்புச் சத்தம். புடவைப் பிரிவுல இருந்த ஒரு அக்கா எழுந்து, "குடிச்சா போகணுமே மேடம். எங்களுக்கு பாத்ரூம் நாலாவது மாடியில. போயிட்டு வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் ரெண்டு தடவை தேடிடுவாரு"ன்னாங்க.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கேட்டேன். சூப்பர்வைசர் இல்லாத நேரமா பார்த்து. பல பேர் காலையில ஒரு டீயோட நிறுத்திக்கிறாங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை. குதிகால் வலி, கால்ல நரம்பு சுருட்டிக்கிறது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. என் திட்டத்துல இதுக்கு ஒரு வரி கூட இல்லை. இருக்கவும் முடியாது. அவங்ககிட்ட ஒரு கேள்வியும் கேட்காம எழுதின திட்டம் அது.

கோழிக்கோட்டுக் கடைத்தெருப் பெண்கள் இதைச் சரியான இடத்துல தொடங்கினாங்க. விஜி என்கிற தையல் தொழிலாளி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு, கழிப்பறை வேணும்னு கேட்டது. அப்புறம் உட்கார இடம். பல வருஷப் போராட்டம். 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம்னு சொன்னது. யோசிச்சுப் பாருங்க, ஒரு நாற்காலிக்குச் சட்டம்!

ரத்தசோகையும் அப்படித்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை இருக்கு. கீரை, பேரீச்சம்பழம்னு சார்ட் கொடுக்கிறது சுலபம். ஆனா வீட்ல எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுறவங்களுக்கு அந்த சார்ட் என்ன செய்யும்? அந்த வகுப்புக்கு வீட்டு ஆம்பளைங்களையும்தான் கூப்பிடணும்.

என் ரெண்டாவது திட்டம் ஒரே பக்கம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஸ்டூல். தரைத்தளத்துல வாடிக்கையாளர் கழிப்பறையை ஊழியர்களுக்கும் திறந்து விடணும். இடைவேளையில போனா யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. ஸ்டூலுக்கு உடனே சரின்னாங்க. கழிப்பறைக்கு நாலு மாசம் இழுத்தாங்க.

அது திறந்த வாரம் அதே அக்கா என்கிட்ட வந்து கேட்டாங்க: "மேடம், அந்த தண்ணி பாட்டில் இன்னும் இருக்கா?"

நண்பர்களே, உங்க ஆபீஸ்ல மகளிர் தினத்துக்கு ஏதாவது செய்யணும்னு உங்ககிட்ட பொறுப்பு கொடுத்தா, ஸ்லைடைத் திறக்காதீங்க. ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட போய், "உங்களுக்கு நாள்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?"ன்னு கேளுங்க. அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.