பாடசாலை உடற்பயிற்சியும் பிள்ளைகளின் இருதயமும்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் இருதயத்தைப் பற்றியும் குருதியைப் பற்றியும் பேச வந்தமை உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் பாடசாலையின் உடற்பயிற்சிப் பாடவேளையை நான் கடனாகக் கேட்டு வாங்குவது வழக்கம். உடற்பயிற்சி ஆசிரியர் மிக நல்லவர். "எடுங்கோ மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மைதானத்தின் ஓரத்திலுள்ள வேப்பமர நிழலிற் போய் நிற்பார். கடன் என்று பெயரேயன்றி, ஒரு பாடவேளையையேனும் நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அக்காலத்தில் என்னிடம் படித்த ஒருவர், நாற்பத்து நான்கு வயதில் மாரடைப்புற்று வைத்தியசாலையிற் கிடந்தபோது பார்க்கச் சென்றேன். உயிர் தப்பிவிட்டார். "சேர், படி ஏறவே பயமாக இருக்குது" என்றார். நான் வாங்கிய கடனாலேதான் அவருக்கு நோய் வந்தது என்று சொன்னால் அது கணக்குப் பிழையாகும். அவர் புகைபிடிப்பவர், அவருடைய தந்தையாரும் இளவயதில் இதே நோயினால் இறந்தவர். ஆயினும் அன்று வீடு திரும்பிய பின்னர் ஒரு வினா என்னை விடவில்லை. பாடசாலையிலே பிள்ளைகள் ஓடியாடுவதனால் அவர்களுடைய குருதியிலுள்ள கொலெஸ்திரோல் குறைகின்றதா? அவர்களுடைய இருதயத்துக்கு மெய்யாகவே நன்மை உண்டா? வைத்திய நண்பர் ஒருவரின் துணையோடு நான் தேடிப் படித்தவற்றையே இன்று சொல்ல வந்தேன்.

கொலெஸ்திரோல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அதனை நஞ்சு என எண்ணுவோர் பலர். அது நஞ்சன்று. உடலின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வுக்கும் அது வேண்டும். ஓமோன்கள் பல அதிலிருந்தே உண்டாகின்றன. நமது ஈரலே அதனை ஆக்கித் தருகின்றது. முதலிற் பித்தக்கல்லிலே காணப்பட்டமையால், பித்தம், திண்மை என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அப்பெயரை அமைத்தனர். கொழுப்பு நீரிற் கரையாது. ஆகையால் அது புரதத்தோடு சேர்ந்த சிறு பொதிகளாகவே குருதியிற் செல்கின்றது. அடர்த்தி குறைந்த பொதிகள் கொலெஸ்திரோலை உடலெங்கும் கொண்டு செல்வன. அவை அளவுக்கு மிஞ்சினால் நாடியின் சுவரிற் புகுந்து படியும். அடர்த்தி மிக்க பொதிகள் எஞ்சியதைத் திரும்பவும் ஈரலுக்குக் கொண்டு சேர்ப்பன. முன்னதைத் தீயதென்றும் பின்னதை நல்லதென்றும் உலக வழக்கிற் சொல்லுவர். திரைகிளிசரைட்டு என்னும் வேறொரு கொழுப்பும் குருதியில் உண்டு. தசைகளுக்கு அது எரிபொருள்.

மாரடைப்பு முதியவர்களைத் தாக்கும் நோயாயிற்றே, பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கொரியப் போரிலே மாண்ட அமெரிக்கப் படைவீரர் 300 பேரின் இருதயங்களை வைத்தியர்கள் அறுத்துப் பார்த்து, 1953ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. போருக்குத் தகுதியானவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞருள், நூற்றுக்கு 77 பேரின் முடியுருநாடிகளிலே நோயின் அடையாளம் சிறிதாகவோ பெரிதாகவோ காணப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் ஊரிலே, பிள்ளைப் பருவந்தொட்டு ஆராயப்பட்டு வந்தவர்களுள் விபத்து முதலியவற்றால் இளமையில் இறந்தோரின் நாடிகளைப் பார்த்தபோது, கொழுப்புக் கீற்றுக்கள் சிறுவர்களிடத்திலேயே தோன்றிவிடுகின்றன என்பது புலனாயிற்று. குருதி அமுக்கமும் கொலெஸ்திரோலும் உடற்பருமனும் மிக்கவர்களிடத்தில் அக்கீற்றுக்கள் மிகுந்திருந்தன. ஐம்பதாம் வயதில் வெளிப்படும் நோய், பள்ளிக்கூட வாங்கில் இருக்கும்போதே கால்கோள் செய்துவிடலாம்.

நமக்கு இதில் அக்கறை கூடுதலாக இருத்தல் வேண்டும். இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாட்டவர்களையும் பிற நாட்டவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதலாவது மாரடைப்பு நம்மவர்க்குச் சராசரி 53 வயதிலும், ஏனையோர்க்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருவதாக அது காட்டிற்று. ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி செய்யும் வழக்கம் நம்மவரிடையே மிக அருகியிருப்பதையும் அது சுட்டியது.

ஓடியாடுவதற்கும் இருதயத்துக்குமுள்ள உறவை முதன்முதலிலே தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் இலண்டன் வைத்தியப் பேராசிரியர் ஜெரமி மொறிஸ். இலண்டன் நகரத்து இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிலே சாரதி நாள் முழுவதும் இருந்தபடி இருப்பார். கொண்டக்டரோ மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். ஒரே வண்டி, ஒரே தெரு, ஒரே புகை. சாரதிகளைவிடக் கொண்டக்டர்களிடையே மாரடைப்புக் குறைவு என்று மொறிஸ் 1953இலே எழுதினார். உடனே தடையொன்று எழுந்தது: மெலிந்தவர்கள் கொண்டக்டர் வேலைக்கும் பருத்தவர்கள் சாரதி வேலைக்கும் போயிருக்கலாம் அல்லவா? அவர் சளைக்காமல், வேலைக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டைத் தேடியெடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு மெய்யாகவே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பளவு ஒத்தவர்களை ஒப்பிட்டபோதும் கொண்டக்டர்களே நலமாயிருந்தனர். கணித ஆசிரியனாகிய எனக்கு அவர் நோயைக் கண்டதைவிட, அந்தப் பதிவேட்டைத் தேடிப்போன புத்தியே பெரிதாகப்படுகின்றது. அவர் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

இனிப் பாடசாலைக்கு வருவோம். அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 96 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்த்து, 1991 முதல் 1994 வரை பெரியதொரு பரிசோதனை நடந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதிற் பங்குகொண்டனர். 56 பாடசாலைகளில் உடற்பயிற்சிப் பாடத்தைச் சீர்திருத்தினர். மதிய உணவிற் கொழுப்பைக் குறைத்தனர். வகுப்பறையிற் சுகாதாரம் கற்பித்தனர். எஞ்சிய 40 பாடசாலைகளை உள்ளவாறே விட்டனர். மூன்றாண்டின் முடிவில், சீர்திருத்திய பாடசாலைகளிலே பிள்ளைகள் மூச்சுவாங்க ஓடியாடும் நேரம் கூடியிருந்தது. உணவிற் கொழுப்பும் குறைந்திருந்தது. ஆனால் குருதியிலுள்ள கொலெஸ்திரோலை அளந்தபோது, இரு பகுதியாரிடையேயும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை!

இம்முடிவைப் படித்தபோது, நான் வாங்கிய கடன் தள்ளுபடியாயிற்று என்று ஒரு கணம் ஆறுதலடைந்தேன். வைத்திய நண்பர் சிரித்தார். அவர் விளக்கியது இதுதான். உடற்பயிற்சியினாற் பெரிதும் மாறுவது தீய கொலெஸ்திரோல் அன்று. அதன் அளவை நிருணயிப்பவை பெரும்பாலும் பரம்பரையும், உண்ணும் கொழுப்பின் வகையும், ஈரலின் தொழிலுமே. அன்றியும் பிள்ளைகள் பூப்பெய்தும் பருவத்திலே கொலெஸ்திரோல் தானாகவே சற்றுத் தாழ்ந்து பின்னர் உயரும். பத்து வயதில் ஒருமுறையும் பதினான்கு வயதில் ஒருமுறையும் அளந்துவிட்டு, 'பயிற்சியினாற் குறைந்தது' என்று மார்தட்டுவோன் ஏமாந்து போவான்.

அப்படியானால் உடற்பயிற்சி எதனைத்தான் மாற்றுகின்றது? வேலை செய்யும் தசை தன் எரிபொருளுக்காகக் குருதியிலுள்ள திரைகிளிசரைட்டைப் பிரித்தெடுக்கின்றது. அவ்வாறு பிரிக்கும் நொதியம் பயிற்சி பெற்ற தசையிலே மிகுதி. ஆகவே திரைகிளிசரைட்டு இறங்குகின்றது. நல்ல கொலெஸ்திரோல் சிறிதளவு ஏறுகின்றது. தெற்காசிய மக்களிடத்திலே பெரிதும் காணப்படுகின்ற குறை, நல்லது குறைந்தும் திரைகிளிசரைட்டு மிகுந்தும் இருப்பதேயாம். எனவே தசையின் இவ்வேலை நமக்கு மிகவும் வேண்டியது. மேலும், இன்சுலின் சொற்படி உடல் நடக்கின்றது. ஓட்டத்தில் விரைந்து பாயும் குருதி நாடியின் உட்சுவரை வருட, நாடி இளகி விரிகின்றது. இருதயம் ஒரு துடிப்பிலே கூடுதலான குருதியை வெளியேற்றப் பழகுகின்றது. இவற்றிற் பெரும்பாலானவை கொலெஸ்திரோற் சோதனைத் துண்டிலே தோன்றமாட்டா.

சுவிற்சர்லாந்திலே நடந்த ஒரு பரிசோதனை 2010இல் வெளியாயிற்று. பதினைந்து பாடசாலைகளிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு பிள்ளைகள் அதிற் சேர்ந்தனர். வாரத்துக்கு மூன்று உடற்பயிற்சிப் பாடவேளைகள் அங்கே முன்னரே உண்டு. ஒரு பகுதியார்க்கு இன்னும் இரண்டைக் கூட்டி, நாள்தோறும் பயிற்சி ஆக்கினர். ஓராண்டில் அப்பிள்ளைகளின் தோலடிக் கொழுப்புக் குறைந்தது. ஓட்ட வலிமை கூடிற்று. இருதய நோய்க்கான ஏதுக்களை ஒருங்கே சேர்த்துக் கணித்த எண்ணும் நலம் நோக்கி நகர்ந்தது. திட்டம் நின்று மூன்றாண்டு கழித்து மீண்டும் அளந்தார்கள். ஓட்ட வலிமையில் மாத்திரம் முன்னைய வேற்றுமை நிலைத்தது, மற்றவை மறைந்துவிட்டன. சோற்றைப்போல நாள்தோறும் வேண்டியதை, ஊசி மருந்துபோல ஓராண்டிற் போட்டு முடித்துவிட இயலாது.

என்போன்ற கணித ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, 1970களில், 546 ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுள் ஒரு பகுதியார்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் தேர்ந்த ஆசிரியர்களைக்கொண்டு உடற்பயிற்சி அளித்தனர். அதற்கென ஏனைய பாடங்களின் நேரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டப்பட்டது. அவர்களுடைய புள்ளிகள் குறையவில்லை. பெரும்பாலும் சற்றுக் கூடியே இருந்தன. நான் வாங்கிய கடனால் என் மாணாக்கர் எத்தனை புள்ளி பெற்றனர் என்பதை இப்போது கணக்கிட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை.

நம் பாடசாலைகளில் உடற்பயிற்சி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. நேரசூசியிலே சுகாதாரமும் உடற்கல்வியும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் உண்டு. ஆனால் அப்போட்டியிலே ஓடுபவர் எத்தனை பேர்? விரைந்தோடும் கால் படைத்த முப்பது நாற்பது பேர் ஓட, மற்றெல்லாரும் இல்லத்தை அலங்கரித்து, கைதட்டி, வெயிலிற் குந்தியிருப்பர். பருத்த பிள்ளையும், வெட்கப்படும் பெண்பிள்ளையும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கெனப் பின்னேரமும் தனியார் வகுப்புக்கு ஓட்டப்படும் பிள்ளையும் மைதானத்தை மிதிப்பதேயில்லை. உடற்பயிற்சி எவர்க்கு மிகவும் வேண்டுமோ அவரே அதற்குப் புறம்பாகின்றனர். கிண்ணத்துக்காக ஓடுவது வேறு, இருதயத்துக்காக ஓடுவது வேறு. கிண்ணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது ஒருவனுக்குத்தான் கிடைக்கும்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சுவாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு பாடவேளை 40 நிமிடம். அதிலே வரிசையில் நிற்பதற்கும், பெயர் கூப்பிடுவதற்கும், பந்துக்காகக் காத்திருப்பதற்கும் போக, ஒரு பிள்ளை மெய்யாகவே ஓடியாடும் நேரம் எவ்வளவு? நான் சொன்ன அமெரிக்கப் பரிசோதனையிலே தொடக்கத்தில் அது பாடவேளையின் மூன்றிலொன்றுக்குச் சற்று மேலாக இருந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த பின்னர் பாதியளவாக உயர்ந்தது. புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ அதற்கு வேண்டியிருக்கவில்லை.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. குடும்பத்திலே இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால், பிள்ளையின் குருதியை வைத்தியரைக்கொண்டு சோதிப்பித்துக் கொள்ளுங்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவர்க்குப் பிறப்பிலிருந்தே தீய கொலெஸ்திரோல் மிக மிகுந்திருக்கும்; அத்தகைய பிள்ளைக்கு ஓட்டம் மாத்திரம் போதாது, மருந்தும் வேண்டும். ஓடும்போது மயங்கி விழும் பிள்ளையையும், நெஞ்சு நோகின்றது என்று சொல்லும் பிள்ளையையும் 'சோம்பேறி' என்று ஏசாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அண்மையில் எனது பழைய பாடசாலைக்குப் போனேன். இப்போதைய உடற்பயிற்சி ஆசிரியை இளையவர். கடிகாரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஒரு பிள்ளையை மாத்திரம் பார்த்திருந்து அது ஓடியாடிய நிமிடங்களைக் குறிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன், இசைந்தார். மட்டைப்பந்து நடந்த அன்று, எல்லைக்கோட்டருகே நின்ற பையனுக்கு நான்கு நிமிடமும் தேறவில்லை. மறுவாரம் நிலத்திலே கோடு கீறிக் கிளித்தட்டு ஆடுவித்தார். மறிப்பவரும் ஓட வேண்டும், தப்புபவரும் ஓட வேண்டும். அதே பையன் பத்தொன்பது நிமிடம் ஓடினான். அவ்வேளையிலே கணித ஆசிரியர் ஒருவர் விறாந்தையில் வந்து நின்று, அடுத்த கிழமைக்கு அப்பாடவேளை கிடைக்குமா என்று கேட்டார். ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.